முன்சீட்டில் மாமனார்

"அங்கேருந்து ஊருக்குள்ள வர எவ்வளவு நேரமாகும்?"

"இருபது நிமிஷம்."

"எதுல? பறந்தா?"

"கார்லதான். ரோடு வந்ததும்."

"ரோடு எப்ப வரும்?"

"வந்துட்டே இருக்கு, தெக்பெர். ஊரு நம்ம பக்கம்தான் வளருது. நாம ஊரைத் தேடிப் போக வேண்டாம், அதுவே நம்மளத் தேடி வந்துரும்."

கல்யாணமான புதிதில் நானும் யெஸ்லெமும் பேசிக்கொண்டது இது. ஊருக்கு வெளியே தர்ஹீலில் எங்களுக்குக் கிடைத்த மனையின் மூலைக்கல் ஒன்றின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். மற்ற மூன்று கற்களையும் அவன் மணலுக்குள் தேடிக்கொண்டிருந்தான்.

அவன் சொன்னது பொய்யில்லை. நான்கு வருஷத்தில் நுவாக்சூத் நகரம் எங்களைத் தேடி வந்தது. வந்த வேகத்தில் எங்களைத் தாண்டி இன்னும் பல கிலோமீட்டர் போய்விட்டது. வீடுகள் வந்தன, மூன்று கைபேசிக் கடைகள் வந்தன, நடுரோட்டில் ஒரு பந்தயக் குதிரை லாயம்கூட வந்தது. தண்ணீர்க் குழாய் மட்டும் எங்கோ வழி தவறிவிட்டது. தண்ணீர் இன்னமும் கழுதை வண்டியில், இரண்டு பீப்பாய்களில்தான் வருகிறது. என் சொந்தக்காரர்கள் எல்லோரையும்விட அந்தக் கழுதைக்குத்தான் எங்கள் வீடு நன்றாகத் தெரியும்.

ஏனென்றால் தர்ஹீலில் விலாசம் என்று ஒன்று கிடையாது. ரொட்டிக்கடை தாண்டி மூன்றாவது திருப்பம், பச்சைக் கதவு, எதிரே செம்மறிக் கிடா கட்டியிருக்கும் என்று சொல்லி அனுப்புவோம். அடுத்த மாதம் ரொட்டிக்கடைக்காரர் வேறு தெருவுக்குப் போய்விடுவார், திருப்பத்தில் யாராவது சுவர் எழுப்பிவிடுவார்கள், பெருநாள் வந்து கிடாவும் போய்விடும். என் பெரியம்மா மகள் சல்கா ஒருமுறை எங்களைப் பார்க்கக் கிளம்பி, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய்ச் சேர்ந்து, அங்கேயே சாப்பிட்டு, மூன்று சுற்றுத் தேநீரும் குடித்துவிட்டுத் திரும்பினாள். நாங்கள் ஊருக்கு வெளியே போனாலும் நல்ல வசதியாகத்தான் இருக்கிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

காலையில் வாசலில் குவிந்த மணலை நான் பக்கத்து வீட்டு வாசலுக்குப் பெருக்கித் தள்ளுவேன். பிற்பகலில் அந்த வீட்டுக்காரி அதையே எனக்குத் திருப்பி அனுப்புவாள். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஒன்றுதான். வாப்பா.

வாப்பாவின் வீடு ஊரின் மறுகோடியில், கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே நிலைமை தலைகீழ். நாங்கள் ஒரு பீப்பாய் தண்ணீருக்காகக் கழுதையை எதிர்பார்த்து நிற்போம். அங்கே தரைக்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் தானாக ஊறி வந்து முற்றத்தில் தேங்கி நிற்கும். ஊர் பெருகப் பெருக அதுவும் மேலே வந்தது. நாணல் முளைத்தது, தவளை வந்தது, கொசு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். உம்மா இறந்து இரண்டு வருஷமாக வாப்பா அங்கே தனியாக, கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்துப் படுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஆள் சேர்த்து ஏற்றும் வாடகைக் கார் மூன்று மாறி அவரைப் பார்க்கப் போவேன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இப்போது எனக்கு ஏழாவது மாதம். இன்னும் எத்தனை சனிக்கிழமைக்கு என்னால் முடியும் என்று எனக்கே தெரியவில்லை.

எங்களோடு வந்து இருங்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும். ஒரு வரிதான். அந்த ஒரு வரியை ஒரு வருஷத்துக்கும் மேலாக வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களில் மருமகன் மாமனார் முன்னால் பேசமாட்டான், சாப்பிடமாட்டான், கூடுமானவரை முகத்தையே காட்டமாட்டான். அதுதான் அவன் செய்யும் மரியாதை. உம்மாவின் அடக்கத்துக்கு ஓடியாடி எல்லாம் செய்தவன் யெஸ்லெம்தான். அந்த மூன்று நாளும் வாப்பா பார்த்தது அவன் முதுகை மட்டும். நான் கேட்டால் யெஸ்லெம் உடனே சரி என்றுதான் சொல்வான். அப்புறம் தன் வீட்டிலேயே திருடனைப் போல நடமாடுவான், அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிடுவான், தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடுவான். வாப்பாவைக் கேட்டாலோ, மகளின் புருஷன் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று குன்றிப்போவார். கேட்டால் இரண்டு பேரில் ஒருவர் எனக்காகச் சிறுத்துப்போக வேண்டும். அதனால் கேட்காமலே இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை போனபோது தண்ணீர் முற்றத்தைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்திருந்தது. வாப்பா கட்டிலின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். கப்பல் வசதியாக இருக்கிறது, கரைதான் கொஞ்சம் தூரம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ஒரு பகல் வந்து என் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். வீட்டில் யாரும் இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். புருஷன் பெயரை வாப்பா முன்னால் சொல்லமுடியாது என்பதால் அவன்தான் அந்த 'யாரும்'. துறைமுகத்தில் ஐஸ் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். கப்பல் வந்திருக்கிறது, ராத்திரிதான் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். வாப்பா யோசித்தார். பிறகு தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார்.

மூன்றாவது காரில் அவரை முன்சீட்டில் உட்காரவைத்தேன். பின்னால் ஒரு ஜன்னலோரம் நான், நடுவில் கும்பா. கும்பா மீன் விற்பவள், எங்கள் பக்கத்தில்தான் புதிதாக வீடு கட்டியிருந்தாள். நடுவில் உட்கார்ந்தாள் என்று சொன்னால் போதாது, இரண்டு பக்கமும் பரவி உட்கார்ந்தாள். ஓட்டுநர் கிஃபா என்ற ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றான். இன்னும் ஓர் ஆளை ஏற்றாமல் கிளம்பமாட்டேன் என்று நாற்சந்தியில் காரை ஊர்ந்தபடியே ஓட்டினான். தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துவந்த ஒருவனைப் பார்த்து ஹாரன் அடித்தான். அவன் கதவைத் திறந்து, கும்பாவின் மறுபக்கம் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, கதவையும் சாத்திவிட்டான்.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தான். துறைமுகத்தில் மின்சாரம் போய், எல்லோரையும் மதியமே அனுப்பிவிட்ட விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? யெஸ்லெமின் கண் முதலில் என் மேல் விழுந்தது, அப்புறம் முன்சீட்டின் மேல். ஒரு நொடியில் தலைப்பாகைத் துணி மூக்குக்கு மேல் ஏறியது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வெளியே ஏதோ அதிசயத்தைக் கண்டவன் போல அசையாமல் இருந்தான். இறங்கிவிடலாம் என்றால் கார் வேகம் எடுத்துவிட்டது. நிறுத்தச் சொல்ல வாயைத் திறக்க வேண்டும்.

வாப்பாவின் பின்கழுத்து மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது இறுகியது. கண்ணாடியில் அவர் பார்த்துவிட்டார். அவரும் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டது தெரிந்தது.

கும்பா ஒருத்திதான் நிம்மதியாக இருந்தாள். அவள் புதிதாக ஏறியவனிடம் எங்கே இறங்கணும் என்று கேட்டாள். பதில் இல்லை. எந்தப் பக்கம் வீடு என்று கேட்டாள். அவன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான்.

என் பக்கம் திரும்பி, "பாவம், ஊமை. நல்ல உயரம், நல்ல தோளு. ஆண்டவன் ஒண்ணு குடுத்தா ஒண்ணு குடுக்கறதில்ல பாரு" என்றாள். நான் உடம்பைச் சுற்றியிருந்த மெல்ஃபாவின் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

வழக்கமான தார்ரோடு வந்தபோது அங்கே ரோடே இல்லை. குழாய் பதிக்கிறோம் என்று குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். ஓட்டுநர் சிறிதும் யோசிக்காமல் பக்கத்திலிருந்த மணல் தடத்தில் இறங்கினான். அந்த நேரம் பார்த்துக் காற்றும் கிளம்பியது. எல்லாப் பக்கமும் ஒரே மஞ்சள். பாதி கட்டிய சுவர்கள், கதவில்லாத வாசல்கள், மறுபடியும் பாதி கட்டிய சுவர்கள். நான் எப்போதும் தார்ரோட்டோடு வருபவள், இந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. கும்பாவும் தெரியாது என்றாள். இந்தக் காரில் வழி தெரிந்தவன் ஒருவன்தான். கழுதை வராத நாட்களில் இந்த மணல் வழியாகவே போய்த் தண்ணீர் பிடித்து வருபவன் அவன். அவன்தான் ஊமை.

எந்தப் பக்கம் என்று ஓட்டுநர் பொதுவாகக் கேட்டான். வாப்பா தொண்டையைச் செருமினார்.

"நான் முப்பது வருஷம் பாலைவனத்தைத் தாண்டி நேமாவுக்கு லாரி ஓட்டினவன். ரோடு போடறதுக்கு முன்னாடியே ஓட்டினவன். நேராப் போ."

நேராகப் போனோம். பின்னால் யெஸ்லெம் இருமினான்.

வாப்பா காற்றை முகர்ந்து பார்த்து, இது வடகிழக்குக் காற்று, இதை இடது காதில் வைத்துக்கொண்டு போனால் தர்ஹீலுக்குள் போய் விழலாம் என்றார். பாலைவனத்தில் அது சரியாக இருந்திருக்கும். இங்கேயோ ஒவ்வொரு சுவருக்கும் காற்று திரும்பியது, காற்று திரும்பிய பக்கமெல்லாம் நாங்களும் திரும்பினோம். யெஸ்லெம் இரண்டு முறை இருமினான். தப்பான பக்கம் போனால்தான் இருமுகிறான் என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது. வலது பக்கம் போய்ப் பார்க்கலாமே என்று மெதுவாகச் சொன்னேன். நேமா பாதையில் நான் உன்னைக் கேட்டா ஓட்டினேன் என்றார் வாப்பா. இருமல் பலத்தது. கும்பா இடுப்புப் பையிலிருந்து ஒரு புதினாக் கொத்தை எடுத்து, மெல்லு தம்பி, நெஞ்சு அடைச்சிருக்கு என்று அவன் கையில் திணித்தாள். அவன் முகத்துணிக்குள் புதினாவை நுழைத்துப் பரிதாபமாக மென்றான்.

ஒரு செங்கல் குவியலின் மேல் ஆடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒரு செங்கல் குவியல், மறுபடியும் ஓர் ஆடு. அதன் பிறகு இன்னொரு தடவையும்.

"மூணாவது தடவையா பாக்கறேன். அதுக்கும் இப்ப நம்ம முகம் பழகியிருக்கும்" என்றாள் கும்பா.

நாலாவது முறை அந்த ஆட்டைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கார் மணலில் அச்சு வரை புதைந்தது.

எல்லோரும் இறங்கினோம். என்னைக் கும்பா சுவரோரம் ஒரு கல்லில் உட்காரவைத்து, காற்று படாமல் தான் முன்னால் நின்றுகொண்டாள். வாப்பாவுக்கு இப்போதுதான் உற்சாகம் வந்தது. வழியில் தோற்றாலும் மணலில் அவரை யாராலும் ஜெயிக்க முடியாது. அங்கியின் கைகளைத் தோளுக்கு மேல் சுருட்டிப் போட்டுக்கொண்டு, டயர்களில் காற்றைக் குறை என்று ஓட்டுநரிடம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று சத்தம் வந்தது. யெஸ்லெம் ஏற்கெனவே குனிந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தான். வாப்பா ஒரு கணம் நின்றார். பிறகு மறுபக்கச் சக்கரத்துக்குப் போய் மணலைக் கையால் வாரினார். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வாப்பா பின்னால் கையை நீட்டினார், யெஸ்லெம் முகத்தைத் திருப்பிக்கொண்டே சக்கரத்துக்கு அடியில் போட ஒரு பலகையை அந்தக் கையில் வைத்தான். நான்கு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அது. இரண்டு பேருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது தள்ளலில் கார் வெளியே வந்தது. ஏறிக்கொண்டோம். வாப்பா மறுபடியும் காற்றை முகர்ந்தார். இடது பக்கம் என்றார்.

எனக்கு இடுப்பு விண்டுபோவது போல வலித்தது. உதடு காய்ந்துவிட்டது. காரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சத்தம் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கார் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் என்னையறியாமல் முனகிவிட்டேன். கும்பா என் முதுகில் கை வைத்தாள். முன்சீட்டில் கழுத்து பாதி திரும்பி அப்படியே நின்றது.

அப்போது காருக்குள் ஒரு குரல் கேட்டது.

"வலது பக்கம். அந்த ரெண்டு தண்ணித் தொட்டிக்கு நடுவுல போங்க."

ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிட்டான். கும்பா அகலமாக வாயைத் திறந்தாள். யெஸ்லெம் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தான். துணிக்கு வெளியே தெரிந்த காது மட்டும் சிவந்திருந்தது. அவன் வாழ்க்கையில் என் வாப்பாவின் காதில் விழப் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

என்ன நடக்குமோ என்று நான் வாப்பாவின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா கதவைத் திறந்து இறங்கிப் போய்விடலாம். மரியாதை தெரியாதவன் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடலாம். அவர் தலைப்பாகையை ஒருமுறை சரிசெய்துகொண்டார். பிறகு ஓட்டுநரிடம் சொன்னார்.

"காதுல விழலையா? வலது பக்கம்ங்கறார்."

கார் வலது பக்கம் திரும்பியது. 'ங்கறார்' என்ற சொல்லை நான் மறுபடி மறுபடி மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அதன் பிறகு பயணமே வேறு மாதிரி ஆகிவிட்டது. யெஸ்லெம் ஜன்னலைப் பார்த்து, சுவர் முடிஞ்சதும் இடது என்பான். வாப்பா ஓட்டுநரிடம், சுவர் முடிந்ததும் இடதாம் என்பார். ஓட்டுநருக்கும் யெஸ்லெமுக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் வாப்பா வழியாகவே போனது. ஒருமுறை யெஸ்லெம் மெதுவாகச் சொல்லிவிட்டான். என்ன சொன்னார் என்று வாப்பா ஓட்டுநரிடம் கேட்டார். யெஸ்லெம் ஓட்டுநரிடம் பலமாகச் சொன்னான்.

கும்பா என் காதோடு, இவங்க ரெண்டு பேரும் யாரு என்று கேட்டாள். மாமனார், மருமகன் என்றேன். யாருக்கு என்றாள். எனக்குத்தான், ஒருத்தர் வாப்பா, ஒருத்தர் வீட்டுக்காரர் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் காரே குலுங்கியது.

"நான் இந்தப் பிள்ளைக்குப் புதினா வேற குடுத்தேனே தங்கச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் வீட்டு வாசலில் இறங்கும்போது மீன் பாத்திரத்திலிருந்து பெரிய மீன் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். ஊமைக்கு வைத்துக்கொடு என்றாள்.

அவள் போனதும் பின்சீட்டில் எனக்கும் யெஸ்லெமுக்கும் நடுவில் இடம் காலியாக இருந்தது. அவன் நகரவில்லை, நானும் நகரவில்லை. எங்கள் பச்சைக் கதவு தெரிந்தது. ஓட்டுநர் காரை நிறுத்தினான்.

இறங்க வேண்டிய நேரம். நான் போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் வேறு. வாப்பாவுக்கு அறையைக் காட்டி, அவர் மனதைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி, ராத்திரி யெஸ்லெமிடம் தனியாகப் பேசி, அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ கேட்பது என்று இருந்தேன். ஆனால் இருவரையும் ஒரே இடத்தில், எழுந்து ஓட முடியாதபடி, இனி எப்போது எனக்குக் கிடைக்கும்? வாப்பா கதவின் கைப்பிடியில் கை வைத்தார். யெஸ்லெம் தன் பக்கத்துக் கைப்பிடியில் கை வைத்தான். அவர் இறங்கினால் இவன் தெருக்கோடி வரை போய்விடுவான், இவன் இறங்கினால் அவர் இதே காரில் திரும்பிவிடுவார்.

"யாரும் இறங்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வாப்பாவின் கை நின்றது. யெஸ்லெமின் கையும் நின்றது. ஓட்டுநர் என்ன நினைத்தானோ, எஞ்சினை அணைத்துவிட்டான்.

மடியில் மீனைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரின் பின்தலைகளையும் மாறி மாறிப் பார்த்தபடி நான் சொன்னேன்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்க வேண்டாம். முகத்தைப் பாத்துக்க வேண்டாம். ஒண்ணா உக்காந்து சாப்பிடவும் வேண்டாம், சோத்தை நான் தனித்தனியா கொண்டாந்து வைக்கறேன். ஆனா என்னால இந்த ஊர்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இனிமே அலைய முடியல. என் குழந்தை பொறக்கும்போது நீங்க தண்ணிக்கு நடுவுல கட்டில்ல தனியா உக்காந்திருக்கக் கூடாது. வாப்பா, எங்ககூடவே வந்து இருங்க."